லண்டன் – நியூயார்க்: போக 4 மணி நேரம், வர 11 மணி நேரமா?

கேள்வி – 2 மார்ச் 2024, மாலை 6.20

லண்டனிலிருந்து நியூயார்க் போக டிக்கெட் போட்டிருக்கிறேன். 14ஆம் தேதி காலை 11.00க்குக் கிளம்பி மாலை 3.00க்கு இறங்குகிறது. 22ஆம் தேதி இரவு 7.00க்கு அங்கிருந்து கிளம்பி மறுநாள் காலை 6.00க்கு லண்டன். அதாவது போக நாலு மணி நேரம், வர பதினொன்று. அதே இரண்டு ஊர்தானே? வானத்தில் என்ன மேடு பள்ளமா இருக்கிறது? இணையத்தில் தேடினால் தூரம் 5,570 கி.மீ., பறக்கும் நேரம் 6 மணி 10 நிமிடம் என்று வருகிறது. அது இரண்டிலும் சேரவில்லை. பூமி சுற்றுவதால் வரும் வித்தியாசம் என்கிறான் என் தம்பி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் – 2 மார்ச், இரவு 9.05

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். கிளம்பும் நேரம் கிளம்பும் ஊருடையது, இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. இரண்டையும் நேரடியாகக் கழித்தால் இப்படித்தான் கோமாளித்தனமாக வரும்.

லண்டன் கடிகாரம் நியூயார்க்கைவிட 5 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மேற்கே போகும்போது 5 கூட்டுங்கள், கிழக்கே வரும்போது 5 கழியுங்கள். 4 + 5 = 9. 11 – 5 = 6. போக 9, வர 6. மீதமுள்ள 3 மணி நேர வித்தியாசம் காற்றால் வருவது. 6 மணி 10 நிமிடம் என்பது யாரும் பறந்து பார்த்த நேரமல்ல, 5,570ஐ மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் ஏறக்குறைய வரும் விடை.

இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

2 மார்ச், இரவு 9.40

தம்பி சொன்னதை மறந்துவிட்டேன். தப்பு. ஓடுபாதையில் நிற்கும் விமானமே பூமியோடு சேர்ந்து கிழக்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. லண்டன் இருக்கும் அட்சரேகையில் அந்த வேகம் மணிக்குச் சுமார் 1,040 கி.மீ. மேலே எழும்பியதும் அது எங்கும் போய்விடுவதில்லை. சுற்றியிருக்கும் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது.

அவர் சொல்வதுபோல் நடந்தால் லண்டனுக்கு மேலே எழும்பிச் சும்மா நின்றாலே போதும். ஐந்து மணி நேரத்தில் நியூயார்க்கின் தீர்க்கரேகை நம் காலடிக்கு வந்துவிடும். அதாவது மேற்கே போவதுதான் சுலபமாக இருக்க வேண்டும். நடப்பது தலைகீழ்: மேற்கே போகத்தான் அதிக நேரம். தம்பியின் விளக்கம் திசையிலேயே அடிபடுகிறது.

3 மார்ச், காலை 7.15

அந்த 5,570ஐப் பற்றி. என்னிடம் விமானப் பாதை அட்டவணை ஒன்று இருக்கிறது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே 2,990 மைல் என்று போட்டிருக்கிறது. மைலுக்கு 1.609 கி.மீ. என்றால் 4,800 சொச்சம்தான். அந்த இணையதளம் 700 கி.மீ.க்கு மேல் ஊதிக் காட்டுகிறது. இப்படிப்பட்ட பக்கங்களை நம்பாதீர்கள்.

3 மார்ச், மதியம் 1.30

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அட்டவணையில் இருப்பது கடல் மைல் என்று கீழே ஒருவர் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சரிதான். கடல் மைல் என்பது 1.852 கி.மீ. 2,990 × 1.852 = சுமார் 5,540. தரையில் ஓடும் மைலில் சொன்னால் 3,440.

கடல் மைல் ஏன் அப்படி ஒரு விசித்திரமான அளவு? அட்சரேகையின் ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் அது. வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அட்சரேகைக் கோடுகளே அளவுகோலாகிவிடும். கப்பல்காரர்களுக்கு வசதியாக இருந்தது, விமானக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட்.

சரி, 5,540க்கும் 5,570க்கும் இடையே 30 கி.மீ. உதைக்கிறதே? ஒன்று விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு, மற்றது நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு. நகர மையத்திலிருந்து யாரும் பறப்பதில்லை. இருந்தாலும் இணையதளத்தைத் திட்டியதற்கு மன்னிப்பு. தூரத்துக்கு மட்டும்தான். நேரத்துக்கு இல்லை.

5 மார்ச், இரவு 11.10

காற்று என்று சொல்லிவிட்டு விளக்காமல் போய்விட்டீர்கள் என்று கேள்வி கேட்டவர் குறைப்பட்டிருக்கிறார். இதே பாதையில் சில தடவை போயிருக்கிறேன். விமானத்தில் எனக்குத் தூக்கம் வராது. முன்னிருக்கையின் முதுகில் இருக்கும் சின்னத் திரையில் வரைபடத்தைப் போட்டுவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை தரை வேகத்தை நோட்டில் குறித்துவைப்பது வழக்கம். ஒரு தடவை பக்கத்து இருக்கைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நீங்க விமானத்துறையா?" என்று கேட்டார். "இல்லை, தூக்கம் வராத கேஸ்" என்றேன். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோட்டைத் தேடி எடுத்தேன். மேற்கே போகும்போது எழுதியவை: 762, 748, 731, 755, 790. அதே குளிர்காலத்தில் திரும்பி வரும்போது: 1,012, 1,038, 1,071, 1,096, 1,044. எல்லாம் மணிக்கு கி.மீ. விமானம் என்னவோ இரண்டு தடவையும் ஒரே வேகத்தில்தான் பறந்தது. ஒலியின் வேகத்தில் 0.85 பங்கு, மாக் 0.85 என்பார்கள். அந்த உயரத்துக் குளிரில் ஒலியே மணிக்குச் சுமார் 1,060 கி.மீ.தான் போகும். அதில் 0.85 என்றால் 900. ஆனால் இந்த 900 காற்றை வைத்து அளந்தது. தரையை வைத்து அளந்தால், காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

பள்ளிக்கூடத்தில் ஆற்றோட்டத்தில் போகும் படகுக் கணக்கு எல்லோரும் போட்டிருப்போம். அதேதான். ஆறு மட்டும் பத்துப் பதினொரு கி.மீ. உயரத்தில் ஓடுகிறது. பெயர் ஜெட் ஸ்ட்ரீம். மேற்கிலிருந்து கிழக்கே, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. மணிக்கு 150, 200 கி.மீ. எல்லாம் சாதாரணம்.

காற்று மணிக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். மேற்கே 750 வேகத்தில் 5,540 கி.மீ. போக 7 மணி 23 நிமிடம். கிழக்கே 1,050 வேகத்தில் 5 மணி 17 நிமிடம். இரண்டும் சேர்த்து 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 19 நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அந்த 21 நிமிடம் எங்கே போனது என்று முதல் தடவை கணக்குப் போட்டபோது எனக்கும் புரியவில்லை. போகும்போது பிடுங்கியதை வரும்போது கொடுத்துவிட வேண்டாமா? கொடுக்காது. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமும் அதிகம். பின்காற்றில் சீக்கிரம் வந்துவிடுவதால் அதன் உதவி கொஞ்ச நேரத்துக்குத்தான். காற்று எப்போதும் கணக்கில் பாக்கி வைத்துத்தான் போகும்.

6 மார்ச், காலை 6.50

இராத்திரி எழுதியதில் ஒரு முள் குத்துகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் கணக்கில் போக 7.23, வர 5.17, வித்தியாசம் 2 மணி நேரம். தரையில் நிற்பது, உருள்வது எல்லாம் சேர்த்தாலும் அது இரண்டு பக்கமும்தானே கூடும்? அப்புறம் முதல் பதிவில் 9க்கு 6 என்று 3 மணி நேர வித்தியாசம் எப்படி வந்தது?

நியாயமான கேள்வி. பார்க்கிறேன்.

6 மார்ச், இரவு 8.20

பார்த்தேன். என் முதல் பதிவு தப்பு. அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

தப்பு காற்றில் இல்லை, கடிகாரத்தில். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் 5 மணி நேர வித்தியாசம் என்பது வருடத்தில் பெரும்பகுதிக்குச் சரி. இரண்டு ஊரிலும் கோடைக்கால நேரம் உண்டு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். ஆனால் ஒரே நாளில் தள்ளுவதில்லை. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பிரிட்டனில் மார்ச்சின் கடைசி ஞாயிறு. இந்த வருடம் 10ஆம் தேதியும் 31ஆம் தேதியும். நடுவில் இருக்கும் மூன்று வாரம் வித்தியாசம் 4 மணி நேரம்தான். கேள்வி கேட்டவரின் இரண்டு பயணமும் கச்சிதமாக அந்த மூன்று வாரத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஆக: 4 + 4 = 8. 11 – 4 = 7. போக 8, வர 7. இந்தப் பாதையின் கால அட்டவணைகளில் வழக்கமாக இருப்பதும் ஏறக்குறைய இதுதான்.

இலையுதிர் காலத்திலும் இந்தக் குழி உண்டு. பிரிட்டன் அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பிவிடும், அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. அந்த ஒரு வாரமும் 4 மணி நேரம்.

வெட்கம் என்னவென்றால், இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்தேன். இரவு 7க்குக் கிளம்பினால், 7 மணி நேரப் பயணம், 5 மணி நேர வித்தியாசம், காலை 7க்கு இறங்குவேன், வந்து கூட்டிப் போ என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். டிக்கெட்டில் தெளிவாக 6.00 என்று அச்சடித்திருந்தது. அதை நம்பாமல் நானாகக் கணக்குப் போட்டேன். அக்கா சரியாக 7க்கு வந்தாள். நான் ஒரு மணி நேரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். "டிக்கெட்டைப் பார்க்கவே இல்லையாடா?" என்று கார் கிளம்பும்வரை கேட்டாள். இந்த இழையை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

6 மார்ச், இரவு 8.55

இன்னொன்று. நேர வித்தியாசமே தெரியாவிட்டாலும் சராசரியைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டிக்கெட்டில் தெரியும் இரண்டு பொய் நேரத்தையும் கூட்டுங்கள். 4 + 11 = 15. இந்த 15 பொய்யில்லை. போகும்போது ஒளிந்துகொள்ளும் அதே மணி நேரங்கள் வரும்போது கூடுதலாகத் தலைகாட்டிவிடுவதால் இரண்டும் அடிபட்டுப் போகும். பாதியாக்கினால் ஒரு வழிக்கு ஏழரை மணி நேரம்.

என் தப்புக் கணக்கிலும் 9 + 6 = 15தான் வந்தது. அதனால்தான் சரிபார்த்தபோதும் பிடிபடவில்லை. இந்த வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: போகவும் வரவும் நேர வித்தியாசம் ஒன்றாக இருக்க வேண்டும். திரும்புவது ஏப்ரல் என்றால் இதுவும் காலை வாரிவிடும்.

10 மார்ச், காலை 9.00

இன்று அமெரிக்காவில் இரவு 2 மணிக்கு அடுத்து 3 மணி ஆகிவிட்டது. நியூயார்க் நேரம் காட்டும் கடிகாரத்தை விழித்திருந்து பார்த்தேன். 1.59க்கு அடுத்து 3.00. என்னைத் திட்டுவதுபோல இருந்தது.

11 மார்ச், இரவு 10.25

புதுக் கேள்வி ஒன்று: "நியூயார்க் லண்டனைவிட எவ்வளவோ தெற்கே இருக்கிறது. விமானம் ஏன் முதலில் வடமேற்கே போய்க் கனடா பக்கம் சுற்றுகிறது? எரிபொருள் வீண்தானே?" தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதுபோல் தெரிகிறது, ஆனால் அதுதான் நேர்வழி. வளைவது விமானம் இல்லை, தட்டையான வரைபடம்.

வீட்டில் இருக்கும் உலக உருண்டையில் தையல் நூலை வைத்துச் செய்துபார்த்தேன். லண்டனில் ஒரு விரல், நியூயார்க்கில் ஒரு விரல். நூலை வரைபடத்தில் இருப்பதுபோல் அட்லாண்டிக் நடுவே தெற்காக வைத்துவிட்டு மெல்ல இழுத்தேன். இறுகியதும் வழுக்கிக்கொண்டு வடக்கே ஏறிவிட்டது. அயர்லாந்தைத் தாண்டி, கடலுக்கு மேல் லண்டனைவிடவும் வடக்கே போய், நியூஃபவுண்ட்லாந்தைத் தொட்டு, அப்புறம்தான் தென்மேற்கே இறங்குகிறது. மூன்று தடவை தெற்கே தள்ளினேன், மூன்று தடவையும் ஏறியது. இறுக்கிப் பிடித்த நூல் காட்டும் வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு.

இன்னும் நம்பிக்கை வராதவர்களுக்கு மாட்ரிட். நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகை, நாற்பதரைப் பாகை. அந்தக் கோட்டின்மேலேயே நேர் கிழக்கே போனால் சுமார் 5,940 கி.மீ. வடக்கே வளைந்து பெருவட்டத்தில் போனால் சுமார் 5,770. "நேராக"ப் போவதற்கு 170 கி.மீ. தண்டம்.

விமானம் 11 கி.மீ. உயரத்தில் போகிறதே, வட்டம் பெரிதாகுமே, அந்தத் தூரத்தைச் சேர்த்தீர்களா என்று ஒரு குறும்பர் கேட்டிருக்கிறார். சேர்த்தேன். 5,540க்கு 10 கி.மீ. கூடுகிறது. நேரத்தில் 40 விநாடிக்கும் குறைவு. திருப்தியா?

12 மார்ச், இரவு 11.45

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, விமானம் எப்போதும் நூல் வழியில்தான் போகும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. என் நோட்டிலேயே எதிர்ச்சாட்சி இருக்கிறது. அந்தக் குளிர்காலத் திரும்பு பயணத்தில், "கோட்டைவிட ரொம்பத் தெற்கே, ஏன்?" என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கிறேன்.

ஏன் என்றால், அந்த ஜெட் ஸ்ட்ரீம் ஆறு அன்று அங்கேதான் ஓடியது. ஒரு கணக்கு: குறுக்கு வழியான 5,540 கி.மீ.யில் பின்காற்று 50 மட்டும் என்றால் 5 மணி 50 நிமிடம். 5,800 கி.மீ. சுற்றிப் போகும் வழியில் பின்காற்று 200 கிடைத்தால் 5 மணி 16 நிமிடம். 260 கி.மீ. கூடுதலாகப் பறந்து அரை மணிக்கு மேல் மிச்சம். மேற்கே போகும்போது இதன் மறுபக்கம்: ஆற்றைவிட்டு விலகிப் போகச் சுற்றுவார்கள்.

இதை ஒவ்வொரு விமானியும் தன் இஷ்டத்துக்குச் செய்வதில்லை. வட அட்லாண்டிக்கின் நடுவே தரை ரேடார் எட்டாது. காற்று முன்னறிவிப்பைப் பார்த்து அன்றன்றைக்குப் புதிதாகப் பாதைகள் போடுவார்கள். பகலில் மேற்கே போகிறவர்களுக்கு ஒரு தொகுதி, இரவில் கிழக்கே வருகிறவர்களுக்கு இன்னொன்று. கடலின் கிழக்குப் பாதியைப் பிரிட்டன் – அயர்லாந்து கட்டுப்பாட்டு மையமான ஷான்விக்கும் மேற்குப் பாதியைக் கனடாவின் காண்டரும் கவனிக்கின்றன. ஆகவே "இந்த இரண்டு ஊருக்கும் இடையே விமானம் பறக்கும் தூரம் எவ்வளவு?" என்று கேட்டால், எந்தத் தேதி, எந்தத் திசை என்று திருப்பிக் கேட்பதுதான் ஒழுங்கான பதில். சிங்கப்பூர் – நியூயார்க் விமானங்கள் சில நாள் ஒரு கடலுக்கு மேல் போய் மறு கடல் வழியாக வருவதும் இதனால்தான்.

13 மார்ச், காலை 7.05

தம்பியை அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டேனோ என்று இராத்திரி படுத்தபின் தோன்றியது. அந்த மேல்காற்று ஏன் கிழக்கே ஓடுகிறது? வெப்ப மண்டலத்துச் சூடான காற்று உயர்ந்து துருவங்களை நோக்கி நகர்கிறது. பூமி சுற்றாமல் இருந்தால் நேராகப் போயிருக்கும். பூமி சுற்றுவதால் கிழக்கே திரும்புகிறது. வெப்பமும் குளிரும் மோதும் எல்லையில் அந்த ஓட்டம் குறுகி வேகமெடுக்கிறது. குளிர்காலத்தில் வெப்பநிலை வித்தியாசம் அதிகம், வேகமும் அதிகம்.

ஆக, பூமி சுற்றுவது நேரடிக் காரணம் இல்லை, ஆனால் காரணத்துக்குக் காரணம். தம்பிக்குப் பாதி மார்க். முதலில் பூஜ்யம் போட்டதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

இந்தக் காற்றை முதலில் ஒழுங்காக அளந்தவர் வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர். 1920களில் டாடெனோ ஆய்வகத்திலிருந்து பலூன்களை விட்டு அளந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926இல் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். விளைவு, ஜப்பானுக்கு வெளியே ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை.

15 மார்ச், இரவு 9.30

கேள்வி கேட்டவர் நியூயார்க்கிலிருந்து எழுதியிருக்கிறார், சுகமாகப் போய்ச் சேர்ந்தாராம். என் வேண்டுகோளுக்காகக் குறித்தும் வைத்திருக்கிறார், ரொம்ப நன்றி. கதவு மூடிப் பின்னால் நகர்ந்தது முதல் அங்கே போய் நின்றதுவரை 7 மணி 48 நிமிடம். சக்கரம் தரையைவிட்டது முதல் தொட்டதுவரை 7 மணி 11 நிமிடம். "எது பறக்கும் நேரம்?" என்று கேட்கிறார்.

டிக்கெட்டில் இருப்பது முதல் வகை. நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து நிற்கும் இடத்தில் நிற்பதுவரை. ஓடுபாதைக்கு உருண்டு போவது, வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம். அதற்கு மேல் ஒரு கைச்சரக்கும் சேர்ப்பார்கள். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது தாமதமே இல்லை. அட்டவணையில் முன்கூட்டியே பத்து இருபது நிமிடம் சேர்த்துவைத்தால் தாமதமாகக் கிளம்பியும் "நேரத்துக்கு வந்தோம்" என்று அறிவிக்கலாம். நாமும் கைதட்டுவோம்.

சீக்கிரம் வந்துவிட்டால் மட்டும் லாபமா? ஒரு தடவை நல்ல பின்காற்றில் 40 நிமிடம் முன்னதாக இறங்கினோம். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். விமானி குரலில் அப்படி ஒரு பெருமை. எங்களுக்கு ஒதுக்கிய கேட்டில் வேறு விமானம் நின்றுகொண்டிருந்தது. 35 நிமிடம் பெல்ட்டைக்கூடக் கழற்றவிடாமல் உட்காரவைத்தார்கள். இரண்டாவது அறிவிப்பில் அந்தப் பெருமை இல்லை.

லண்டனுக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு சடங்கு. ஹீத்ரோவில் இறங்க வரிசை நீண்டால் காத்திருந்து வட்டமடிக்க நாலு இடம் வைத்திருக்கிறார்கள்: போவிங்டன், லாம்போர்ன், பிக்கின், ஆக்கம். கடைசிப் பெயர் மட்டும் ஏதோ தமிழ்ச் சிற்றிதழ்போல இருக்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் நாலு நிமிடம். திரையில் விமானம் முட்டை வடிவத்தில் கோலம் போட ஆரம்பித்தால் புரிந்துகொள்ளுங்கள்.

17 மார்ச், மாலை 4.40

இழை எங்கேயோ போய்விட்டது, பரவாயில்லை. இந்தப் பாதையில் எடுத்த மிகக் குறைந்த நேரம் எது என்று பந்தயம் நடக்கிறது. ஒலியை மிஞ்சாத பயணிகள் விமானத்துக்கு: 2020 பிப்ரவரியில், கியாரா புயலின்போது ஒரு போயிங் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. தரை வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,320 கி.மீ.யைத் தாண்டியது. "அது ஒலியை மிஞ்சிவிட்டதே!" என்று பலர் எழுதினார்கள். மிஞ்சவில்லை. அதைச் சுற்றியிருந்த காற்றே ஓடிக்கொண்டிருந்தது, காற்றை வைத்துப் பார்த்தால் அதே பழைய 0.85தான். ஓடும் ரயிலுக்குள் நடக்கிறவரை ஓட்டப்பந்தய வீரர் என்று சொல்வோமா? போன மாதம்கூட வாஷிங்டனிலிருந்து லண்டன் வந்த ஒரு விமானம் மணிக்கு 1,290 கி.மீ. தொட்டது.

உண்மையிலேயே ஒலியை மிஞ்சிய பயணிகள் விமானம் கான்கார்ட். 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க் – லண்டன் 2 மணி 52 நிமிடம் 59 விநாடி. வழக்கமாக லண்டனிலிருந்து மேற்கே போக மூன்றரை மணி நேரம். 5 மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால் கிளம்பிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் இறங்கிவிடும். நம்மவரின் கணக்குப்படி பயண நேரம் மைனஸ் ஒன்றரை! 2003இல் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1958 அக்டோபர் 4. அட்லாண்டிக்கின் மேல் பயணிகள் ஜெட் சேவை தொடங்கிய நாள். ஒரே நாளில் இரண்டு காமெட் விமானங்கள், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. கிழக்கே வந்தது ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். மேற்கே போனது எதிர்க்காற்றில் ஒரே மூச்சில் போகமுடியாமல் காண்டரில் இறங்கி எரிபொருள் நிரப்பி, பத்து மணி நேரத்துக்கு மேல். நம்மவரின் முதல் கேள்விக்கு அன்றே பதில் இருந்திருக்கிறது. 66 வருடத்தில் சாதாரணப் பயணம் ஒன்றும் வேகமாகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சில இடங்களில் மெதுவாகவும் ஆகியிருக்கிறது. ஹெல்சிங்கி – டோக்கியோ ஒன்பதரை மணி நேரப் பயணமாக இருந்தது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் துருவத்தின் வழியே சுற்றிப்போய்ப் பதின்மூன்று மணி நேரம் வரை ஆகிறது. இரண்டு ஊரும் நகரவில்லை.

23 மார்ச், இரவு 8.15

கேள்வி கேட்டவர் திரும்பிவிட்டார். வானத்தில் இருந்தது 6 மணி 8 நிமிடமாம். இணையதளம் சொன்ன 6 மணி 10க்கு இரண்டே நிமிடம் குறைவு என்று சிரிப்பு முகம் போட்டு எழுதியிருக்கிறார். மூன்று வாரமாக அந்தப் பக்கத்தை நான் திட்டிக்கொண்டிருந்தது வேறு நினைவுக்கு வருகிறது.

பொருந்தியது தற்செயல்தான், விட்டுக்கொடுக்கமாட்டேன். அவர் அனுப்பிய திரைப் படத்தில் தரை வேகம் 1,007. அந்த வேகத்திலேயே வந்திருந்தால் ஐந்தரை மணி நேரம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் அவ்வளவு இருக்காது. லண்டனுக்கு மேலே மூன்று சுற்று வேறு அடித்திருக்கிறார்கள். காற்று கொடுத்ததை இவையெல்லாம் தின்று முடித்தபோது மிஞ்சிய எண் அந்த வகுத்தலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. போகும்போது அதே இணையதளம் ஒரு மணி நேரம் தள்ளி இருந்ததை ஏன் சொல்லவில்லை?

24 மார்ச், காலை 10.05

புதியவர் ஒருவர்: "ஆக்லாந்திலிருந்து ஹொனலூலுவுக்கு டிக்கெட். இரவு 11.55க்குக் கிளம்பி அதே தேதி காலை 9.45க்கு இறங்குகிறேன் என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?"

பிழை இல்லை, நடுவில் தேதிக் கோட்டைத் தாண்டுகிறீர்கள். எத்தனை மணி நேரம் என்று உடனே சொல்லிவிடுவேன், விரல் துடிக்கிறது. ஆனால் இந்தத் தடவை முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நியூசிலாந்தில் ஏப்ரல் 7 அன்று கடிகாரத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள். ஹவாயில் எப்போதுமே தள்ளுவதில்லை. அதற்கு முன் என்றால் வித்தியாசம் 23 மணி நேரம், பின் என்றால் 22.

உங்கள் டிக்கெட் எந்தத் தேதி?